ஆடாத ஆட்டத்தின் கோப்பை

லூர்துமேரி அக்கா ரயில்வே பட்டறையில் பெட்டி இருக்கைகளுக்கு ரெக்சின் தைக்கிறவர். தெலுங்கு ஊரில் தமிழர்கள் நாங்கள் இருந்த லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லோரும் வருஷத்து இலவச பாஸை வேளாங்கண்ணிக்கென்று பத்திரப்படுத்துவார்கள். அக்கா அதைக் காக்கிநாடாவுக்கும் கர்னூலுக்கும் செலவழித்தார். மகள் ரோஸ்லின் கல்லூரிக்காக எங்கே வாலிபால் ஆடுகிறாளோ, அங்கே. மாதாவைவிட மேட்ச் பெரிதா என்று நாத்தனார் குத்திக் கேட்டபோது, "மாதா எப்பவும் அங்கதான் இருப்பாங்க. இவ காலேஜு நாலு வருஷம்தான்" என்றார்.

மைதானத்தில் அக்கா கத்த மாட்டார். எல்லோரும் பந்தை அடித்தவளைப் பார்ப்பார்கள். அவர் அதைத் தூக்கிக் கொடுத்த விரல்களைப் பார்ப்பார். தூக்கிக் கொடுப்பதுதான் ரோஸ்லினின் வேலை.

நகரத்துக்கு வெளியே இருந்த அவளுடைய தனியார் பொறியியல் கல்லூரி, அட்மிஷன் சமயத்தில் இந்தப் பெண்களின் படத்தைத்தான் பேனரில் போடும். போட்டிக்குப் போக ஒரு வண்டி கொடுத்ததில்லை. அன்ரிசர்வ்டு பெட்டியில், மடியில் பையோடு போய் ஜெயித்துவிட்டு வந்தார்கள்.

2006இல் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப்போட்டி அனந்தபூரில். அது முடிந்ததும் பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். ரோஸ்லினுக்குக் கடைசி வருஷம், கடைசி வாய்ப்பு. அக்கா காலையில் ரயிலைவிட்டு இறங்கி, புளிசாதத் தூக்கோடு நேரே மைதானத்துக்குப் போனார். சுண்ணாம்புக் கோடு போட்டு வலை கட்டியிருந்தது. எங்கள் அணியில் பத்துப் பேர் இருக்க வேண்டும். வேப்பமரத்தடியில் ரோஸ்லினையும் சேர்த்து நான்கு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு சாப்ட்வேர் கம்பெனி சொன்ன தேதிக்கு முன்னாலேயே கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்துவிட்டதாம். பிரின்சிபால் வண்டி அனுப்பி, அறுபது சதவீதத்துக்கு மேல் வாங்கிய ஆறு பேரையும் கோச்சையும் விடியற்காலையிலேயே அழைத்துக்கொண்டு போய்விட்டார். வேலைக்குப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது, யார்தான் போகமாட்டார்கள்? ஆனால் மிச்சமிருந்த நான்கு பேரிடம், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோச்சின் போன் அணைந்து கிடந்தது.

ஆறு பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. நடுவர் காத்திருந்து பார்த்துவிட்டு விசில் ஊதினார். வாக்ஓவர். கடப்பா கல்லூரிப் பெண்கள் பந்தைத் தொடாமலே ஜெயித்துவிட்டு, குதிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

அக்கா ஷாமியானாவில் டீ குடித்துக்கொண்டிருந்த தேர்வாளரிடம் போனார். "நக்கோ மம்மி, வதிலெய், விட்டுடு" என்று ரோஸ்லின் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா விடுகிறவரா? பத்து நிமிஷம் இவள் கையைப் பாருங்கள் என்று தெலுங்கில் கேட்டார். நேற்று அரையிறுதியிலேயே பார்த்துவிட்டேன், நல்ல கை, எடுப்பதாகத்தான் இருந்தேன் என்றார் அவர். வாக்ஓவர் கொடுத்த கல்லூரியிலிருந்து ஆள் எடுக்க விதியில் இடமில்லையாம். ஓடிப்போனது கல்லூரி. தண்டனை மைதானத்தில் நின்றவளுக்கு. அதை டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்ல முடிகிறது ஒரு மனிதரால்.

சாயங்காலம் மைக்கில் இரண்டாம் பரிசுக்குக் கூப்பிட்டார்கள். ரோஸ்லின் பழக்கத்தில் எழுந்தாள்.

"உக்காருடி. ஆடியிருந்தாதானே தோக்கறதுக்கு?" என்றார் அக்கா.

நான்கு பேரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். கோப்பை மேஜையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை பிரின்சிபால் பட்டறைக்கே போன் செய்தார். கோப்பை எங்கே, கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும், உங்கள் மகளுக்கும் அது மரியாதைதானே என்றாராம். அவரிடம் தெலுங்கில் சொன்னதை அக்கா எங்களுக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார்:

"வாக்ஓவர் குடுத்தது இந்தப் பொண்ணு இல்ல, நான்தான்னு யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். நானே அனந்தபூர் போய்க் கப்ப வாங்கிட்டு வரேன்."

பார்க்கலாம் என்று பிரின்சிபால் போனை வைத்துவிட்டார். அடுத்த வாரம் பல்கலைக்கழக அணியின் பெயர்கள் வந்தன. ரோஸ்லின் இல்லை. கோப்பையைக் கேட்டு அதற்குப் பிறகு போனும் வரவில்லை.