பென்சில் மட்டும்

எங்கள் நூலகத்தில் பழைய தாள்களையும் புகைப்படங்களையும் பழுதுபார்க்க வந்தவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பஞ்சு. எந்நேரமும் கையில் ஈரப் பஞ்சு சுற்றிய குச்சியோடுதான் இருப்பாள். சேர்ந்து ஏழு மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் அறைக்கதவில் ‘பென்சில் மட்டும்’ என்று ஒட்டியிருக்கும். மை ஒரு சொட்டு சிந்தினால் போச்சாம். புத்தகம் கொடுக்கும் மேசையிலிருந்து எழுந்துபோய் நான் எட்டிப் பார்த்தாலே, “அக்கா, பேனாவ வெளிய வச்சிட்டு வாங்க” என்று விரட்டுவாள்.

கூரை ஒழுகி, எங்கள் ஊர் மருத்துவமனையின் பழைய புகைப்படங்கள் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நடுவிலிருந்தது செவிலியர்கள் கூடி எடுத்துக்கொண்ட படம். இரண்டாம் வரிசையில் நிற்பவர் எங்கள் தெருத் தையல்காரம்மாவின் அம்மா. மகள் தவழும் முன்பே போய்ச் சேர்ந்தவர், வேறு படம் கிடையாது. அறுபது வயதில் அந்த மகள் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, “முகம் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

புதன்கிழமை பஞ்சு படங்களைத் தண்ணீர்த் தட்டில் ஊறவைத்து, இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளை இம்மி இம்மியாக நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தாள். முகம் அப்படியே வந்தது! ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாளுக்கு நடுவே காயட்டும், வெள்ளிக்கிழமை ஸ்கேன் செய்யலாம் என்று வைத்தாள்.

வியாழக்கிழமை அவள் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தாள். தலைமை நூலகருக்கு, நூலகத்தில் வைக்கவிருந்த பழைய படக் கண்காட்சி ஞாபகம் வந்துவிட்டது. ஈரம் போகாத படத்தை எடுத்து லேமினேஷன் இயந்திரத்தில் விட்டிருக்கிறார், புண்ணியவான்! சூட்டில் படத்தின் மேல்பூச்சு உருகி, இரண்டாம் வரிசை முழுக்கக் கொப்புளம். முப்பது வருஷமாகப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற மனுஷர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கேட்டதும் அறைச்சாவியை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். எதற்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று என்மேலும் ஆத்திரம்.

மறுநாள் காலை அவர் படத்தைத் தூக்கிக் காட்டினார். “பளபளன்னு இருக்குல்ல? இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது.”

“இதப் பிரிக்க முடியாது சார். பிரிச்சா முகமும் சேர்ந்து வந்துடும்” என்றாள் பஞ்சு.

“யார் முகம்?”

கேட்டாரே ஒரு கேள்வி! பழுதுபார்ப்புப் பதிவேட்டை அவளிடம் நீட்டினார். “பாதுகாப்புப் பணி முடிஞ்சதுன்னு எழுதிடும்மா. உன்ன நிரந்தரமாக்குற ஃபைலும் என் மேசைலதான் இருக்கு.”

அவள் பதிவேட்டோடு நேராக என்னிடம் வந்தாள். “அக்கா, பேனா குடுங்க.”

அழுத்தி எழுதினாள்: ‘பணி முடியவில்லை. ஈரப் படம், எனக்குத் தெரியாமல், தலைமை நூலகரால் லேமினேஷன் செய்யப்பட்டது. இரண்டாம் வரிசை அழிந்தது. மீட்க முடியாது.’ சாவி கொடுத்தவள் என்று கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

மை காய்வதற்குள் தையல்காரம்மா படியேறி வந்துவிட்டார். “இன்னைக்காவது முகம் வந்துச்சாம்மா?”

“வந்துச்சும்மா. நான் பாத்தேன். உங்க மூக்குதான் அவங்களுக்கும்.”

சொல்லிவிட்டுப் பஞ்சு பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.