கூறையில் தைத்த பாவாடை

கைகள் முதலில் துணியைத் தடவிப் பார்த்தன. இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு சோக்குக்கட்டியால் ஒரே கோடாக இழுத்தன. பிறகு கத்தரிக்கோல் அரக்குச் சிவப்புக் கூறைச் சேலைக்குள் இறங்கியது. கலியாணக் கூறையை யாரும் வெட்டுவதில்லை. அந்தக் கைகள் வெட்டின.

சிவலட்சுமி தையலை அகதி முகாமில் பழகியவள். முள்ளுக்கம்பிக்குள், கூரை போட நிவாரணமாக வந்த தறப்பாளை வெட்டிப் பை தைத்ததில் தொடங்கினாள். சொந்த ஊரான இலுப்பைக்கடவைக்குத் திரும்பிய பிறகு ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அவள் கைமெசினில்தான். ஒரு தையல் பிசகினாலும் முழுவதையும் பிரிப்பாள்.

திரும்பி வந்த மூன்றாம் வருடம் அவளுடைய தங்கை தவமலருக்கு மாதவிலக்கில்லாத நாட்களிலும் அடிக்கடி இரத்தம் பட்டது. கருப்பைக் கழுத்தில் புண் இருக்கிறது, மறுபடி வா என்றாள் கிளினிக்கில் மருத்துவமாது அன்ரோனெற்; ஊருக்கு அவள் 'மிஸ்ஸி'. தங்கையின் மாமியார் மனோன்மணி விடவில்லை.

"நடத்தை கெட்டதுகளுக்கு வாற வருத்தம் இது. ஊரறிய அங்கை போய்ப் படுக்கப் போறியோ?"

தவமலர் போகவில்லை. புற்று முற்றிச் செத்துப்போனாள். புருசன் இருக்கச் சாகிறவளுக்குக் கூறை உடுத்தி எரிப்பதுதான் வழக்கம். மனோன்மணி அதற்கும் குறுக்கே நின்றாள். "நான் எடுத்துக் குடுத்த கூறை இந்த உடம்பிலை படக் கூடாது."

சண்டைக்காலம் முழுக்கத் தவமலர் மூட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிய கூறை அது. சிவலட்சுமி அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சில வருடங்களில் அன்ரோனெற் மிஸ்ஸி வீடு வீடாக வந்தாள். புற்றுநோய் வருமுன்பே அதை உண்டாக்கும் வைரசைக் கண்டுபிடிக்கிற சோதனைக்குக் கூப்பிட்டாள். சின்னத் தூரிகையால் கருப்பைக் கழுத்தைத் தொட்டு எடுத்தால், எந்த வகை என்று கொழும்பில் பார்த்துச் சொல்வார்கள். உடுப்பைக் கழற்றக் கூச்சப்பட்டு யாரும் போகவில்லை. கழற்றாமலே சோதிக்கலாம்படி மடிப்புக்குள் பிளவு மறைகிற பாவாடைகளைச் சிவலட்சுமி கிளினிக்குக்குத் தைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு பெண்கள் போனார்கள். மனோன்மணியும் போனாள்.

நேற்று அவள் சிவலட்சுமியின் வாசலில் வந்து நின்றாள்.

"பதினாறாம் வகையாம், பிள்ளை. விட்டால் புற்றாக்கிப்போடுமாம். யாழ்ப்பாணத்துக்கு வரட்டாம், பெருப்பிச்சுக் காட்டுற கண்ணாடி வைச்சுப் பாக்கோணுமாம். முன்பின் தெரியாத ஆக்களுக்கு முன்னாலை நான் துணி இல்லாமல் கிடக்கமாட்டன். அந்தப் பாவாடை ஒண்டு தைச்சுத் தா. இல்லாட்டி நான் போகேல்லை."

சிவலட்சுமி ஊசியில் நூல் கோத்து முடித்த பிறகே நிமிர்ந்தாள்.

"நடத்தை கெட்டதுகளுக்கு வாற வருத்தமெல்லோ, மாமி? உங்களுக்கு எப்பிடி?"

"கட்டின மனுசனிட்டை இருந்தும் வந்து, வருசக்கணக்காச் சத்தமில்லாமல் கிடக்குமாம். மிஸ்ஸி சொன்னவ."

"அண்டைக்கும் மிஸ்ஸி அதைத்தான் சொன்னவ. நீங்கள்தான் காது குடுக்கேல்லை."

மனோன்மணி வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். 'மாட்டன்' என்ற ஒரு சொல் போதும்; இவளும் வீட்டிலேயே கிடந்து, தவமலர் செத்த மாதிரியே சாவாள். அந்தச் சொல் சிவலட்சுமியின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், செத்த பிறகு இவளுக்கு என்ன உறைக்கப் போகிறது?

"நாளைக்கு வாங்கோ" என்றாள்.

இப்போது கைமெசின் ஓடி ஓய்ந்தது. கீழ் ஓரத்தில் ஒரு தையல் சற்று வளைந்திருந்தது. பிரித்துத் திரும்பவும் தைத்தாள். சரிகைக் கரையை இடுப்பில், உடுத்துபவளின் கண்ணில் படும்படி வைத்திருந்தாள்.

வந்த மனோன்மணி பாவாடையைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"இது..."

"ஓம். நீங்கள் கடைகடையா ஏறி எடுத்த கூறைதான். அவளின்ரை உடம்பிலை படக் கூடாதெண்டனீங்கள். உங்கட உடம்பிலை படட்டும்."

"கும்பிட்டுக் கேக்கிறன், வேறை துணியிலை தா."

"தரமாட்டன். இதை உடுத்திக்கொண்டு போய்ப் படுங்கோ. மருந்தெடுத்து நூறு வயசு இருங்கோ, மாமி. இருந்து, ஒவ்வொரு நாளும் அவளை நினையுங்கோ. உங்களை நான் செத்துத் தப்ப விடமாட்டன்."

மனோன்மணி ஒருமுறை வேலிப் படலை வரை போய்த் திரும்பினாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

சிவலட்சுமி பாவாடையை நான்காக மடித்து, சரிகை மேலே தெரிய, அந்தக் கைகளில் வைத்தாள்.