அணைத்த பிறகும் யோசித்த சர்வர்

இது நடந்தது. எந்தத் தெய்வத்தின் முன்னாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். என் கம்பெனியில் மட்டும் செய்யமாட்டேன். வாயைத் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

2004, கொண்டாப்பூர். ஞாயிறு, பிற்பகல் 2.50. ஜன்னல் இல்லாத சர்வர் அறை. ஊழியர்கள் விடுப்பு கேட்பதற்கான மென்பொருள் ஒன்றைத் துபாய்க்காரர்களுக்காகச் செய்திருந்தோம். மறுநாள் பார்க்க வருகிறார்கள். சொதப்பினால் வேலை புனேவுக்குப் போய்விடும், நான் வீட்டுக்கு.

என் கார்டில் 'சீனியர் ஆர்க்கிடெக்ட்' என்று போட்டிருந்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வெப் சர்வர் வாசலில் உட்கார்ந்து அச்சடித்த படிவத்தை நீட்டும். யோசிப்பது, ஆம் இல்லை சொல்வதெல்லாம் உள்ளே இருக்கும் அப்ளிகேஷன் சர்வர். உள்ளே இருப்பதை நிறுத்தினால், வாசலில் 'பிறகு வரவும்' என்ற பக்கம் மட்டும் வரவேண்டும். அதுதான் அன்றைய சோதனை.

மென்பொருளை எழுதிய செல்லப்பா வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நானும், இதே ஊரில் மல்காஜ்கிரியிலேயே பிறந்து வளர்ந்த ஆபரேட்டர் இர்பானும்தான்.

3.05. இர்பான் அப்ளிகேஷன் சர்வரின் மின்கம்பியை உருவினான். விசிறிச் சத்தம் அடங்கியது. பக்கத்தைத் திறந்தேன்.

'செல்லப்பா. மூன்று நாள் விடுப்பு. மறுபரிசீலனையில்.'

"பழைய பக்கம் சார். பிரவுசர்ல தங்கியிருக்கும். அழிச்சிட்டுத் திறங்க."

அழித்தேன். திறந்தேன். அதே பக்கம். ஓரத்தில் நேரம்: 3.06.40.

மறுபடி... 3.06.52.

அச்சடித்த படிவத்துக்கு எப்படி மணி தெரியும்?

"வேற அப்ளிகேஷன் சர்வர் ஓடுதா?"

"இருக்கறது ஒண்ணுதான் சார். இன்னொண்ணு எதுக்குன்னு நீங்கதானே கேட்டீங்க."

"கம்பி?"

"என் கையில சார்..."

டக்.

அணைந்த பெட்டிக்குள்ளிருந்து... டக். டக். யாரோ நிதானமாகத் தட்டச்சு செய்வதுபோல.

"நக்கோ சார், வேணாம். வாங்க, போலாம்."

3.07.

'அனுமதிக்கப்பட்டது.'

அனுமதித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

ஓடினோம்.

நாலரைக்கு, மல்லாபூரிலிருந்து செல்லப்பாவின் தம்பி போன் செய்தார். அண்ணனுக்கு இரண்டு நாளாகவே நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரியில் உயிர் போனபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். மூன்று ஏழு.

திங்கட்கிழமை 'பிறகு வரவும்' ஒழுங்காக வந்தது. துபாய்க்காரர்கள் கைதட்டினார்கள்.

அந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. விண்ணப்பம் மட்டும் நிஜம். எங்கள் சொந்த விடுப்பையும் அதிலேயே கேட்கவேண்டும் என்று எல்லாருக்கும் மெயில் அனுப்பியவன் நான்தான். செல்லப்பா வெள்ளிக்கிழமை காலை கேட்டிருந்தான். மதியம் நான் நிராகரித்தேன்.

அந்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக.

செய்தது.