கத்திரி பிரிக்க மறுத்த தையல்

கத்திரிக்கு மன்னிக்கத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இருபத்தொரு வருஷமாக அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பொத்தான் தைக்கிறவள் நான். ஒரு தடவை அவளுடைய கத்திரிக்கோலால் காகிதம் வெட்டிவிட்டேன். நான்கு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் கடையில் சீருடை மட்டும்தான் தைப்போம். அளவு எடுப்பதும் துணி வெட்டுவதும் அவள் வேலை. வாயும் அதேபோல வெட்டும் என்பதால் அந்தப் பட்டப்பெயர். வந்தவர் பெயரை மறப்பாள், இடுப்பளவை மறக்க மாட்டாள். எந்த பேன்ட் தைத்தாலும் பின்தையலுக்குள் இரண்டு அங்குலம் துணியை மடித்து விட்டுவிடுவோம். ஆள் பெருத்தால் பிரித்து விட்டால் போதும். ஏன் பெருத்தீர்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது. துணியைப் பற்றிப் பேசு, உடம்பைப் பற்றிப் பேசாதே என்பது முதலாளி போட்ட சட்டம்.

அவளுடைய அக்கா பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஐம்பத்தேழு வயதில் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். முப்பத்துநாலாக இருந்த இடுப்பு முப்பத்தைந்தரையாகி இருந்தது. கத்திரி பிரித்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார்.

"டெப்போல உக்காந்து தின்னுக்கிட்டே இருக்கியா?" என்று கத்திரி கேட்டாள்.

"எங்கடீ தின்னேன்? நாலு வாய் வெச்சா வயிறு ரொம்பிடுது. பஸ் மாதிரி ஊதிக்கிட்டு வருது. அடிக்கடி பாத்ரூம் வேற. டாக்டர் கேஸுன்னு மாத்திரை குடுத்திருக்காரு. இந்த வயசுல எல்லாருக்கும் வருமாம்."

எல்லோரும் சிரித்தோம், நான் உட்பட. அன்று கத்திரி எடுத்த அளவில் இடுப்பு ஏறியிருந்தது, தோளும் கையும் இறங்கியிருந்தன. சாப்பிட்டுப் பெருத்தவளுக்குக் கை இளைக்காது. ஏட்டில் தன் கையாலேயே இரண்டையும் எழுதினாள், எழுதிவிட்டுத் தையலைப் பிரித்தாள். எங்கள் தொழில் எங்களுக்குக் கற்றுத்தந்த முட்டாள்தனம் அது.

மாத்திரை கேட்காததால் வேறொரு டாக்டரிடம் போனார். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். ரத்த சொந்தத்தில் யாருக்காவது சினைப்பையிலோ மார்பகத்திலோ புற்றுநோய் இருந்ததா என்று ஒரு கேள்வி. அக்கா அதைக் கடைக்கே எடுத்து வந்து, சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வேறொரு ஊரில் வாழ்ந்து செத்துப்போன அத்தையைப் பற்றிக் கேட்க அப்பா வழியில் மிச்சமிருந்தவர் அவர்தான்.

"அத்தைக்கு வயித்துப்புண்ணும்மா," என்றார் சித்தப்பா, தொண்டையைக்கூடச் செருமாமல். "கேன்சரா? நம்ம வம்சத்துலயா? சும்மா எதையாவது எழுதி வெக்காத."

அக்கா 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அந்தப் பேனா என்னுடையது.

குடல் புண்ணுக்கு மூன்று மாதம் மருந்து ஓடியது. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நோய் சினைப்பையைத் தாண்டி வயிறு முழுக்கப் பரவியிருந்தது. வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள், அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். பதினான்கு மாதம் இருந்தார். தோள் வற்றிப்போன அந்த உடம்புக்குக் கத்திரி மேல்சட்டையை மூன்று தடவை பிடித்துத் தைத்தாள்.

துக்கம் கேட்க வந்த சித்திதான் உளறினார். "அத்தைக்கும் இப்படியேதான். ரெண்டு தடவை தண்ணி எடுத்தாங்க. பாவம், நாப்பத்தாறு வயசு."

கத்திரி அழுகையை நிறுத்தினாள். சித்தியைப் பார்த்தாள், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்தாள்.

அக்காவின் ரத்தத்தில் மரபணுக் கோளாறு இருப்பதை ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். கத்திரியைச் சோதித்ததில் அவளுக்கு இல்லை. மரபணு டாக்டர் ஒரு பெண். பொறுமையாகச் சொன்னார். துணைக்குப் போயிருந்த நானும் கேட்டேன்.

"சாதாரணமா இது வயசு ஏற ஏறத்தான் வரும்மா. இருபது முப்பதுல ரொம்ப அபூர்வம். மாதவிடாய் நின்னப்புறம், ஐம்பது அறுபதுக்கு மேலதான் அதிகம். ஆனா இந்தக் கோளாறு உள்ள குடும்பத்துல அவ்வளவு நாள் காத்திருக்காது. நாப்பதுலயே வரலாம். ஸ்கேன் எடுத்து எடுத்துப் பாத்து முன்கூட்டியே பிடிக்கிறதும் நம்பகமில்ல. அதனால குழந்தை பெத்து முடிச்சவங்களுக்கு முப்பத்தஞ்சு நாப்பதுலயே சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துடலாம்னு பேசுவோம்."

"எங்கம்மா பக்கம் யாருக்கும் இல்லையே. அப்பா வழியா பொம்பள நோய் வருமா?" என்றாள் கத்திரி.

"தாராளமா வரும். ஆம்பளைங்க சுமந்துக்கிட்டே இருப்பாங்க, அவங்களுக்குத் தெரியாது. உங்க அத்தைக்கு இருந்திருக்குன்னா உங்கப்பா கூடப் பிறந்த எல்லாரையும் சோதிக்கணும். அவங்க பிள்ளைங்களையும்." தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தார். ரத்த உறவு எல்லோருக்கும் காட்டச் சொன்னார்.

கத்திரி அதை அளவு ஏட்டுக்குள் வைத்தாள். ஒருவருக்கும் காட்டவில்லை.

சித்தப்பாவுக்கு ஒரே மகள், முப்பத்தாறு வயது. ஹோட்டல் வரவேற்பில் வேலை, ஒரு குழந்தைக்குத் தாய். நான் வாய்விட்டுக் கேட்டேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"அவரு மறைச்சாரு. நானும் மறைக்கிறேன். பொத்திப் பொத்தி வெச்சாரு இல்ல, அது என்னன்னு அவரு வீட்டுக்குள்ளயே தெரியட்டும்."

"அந்தப் பொண்ணு என்னடீ பண்ணுச்சு?"

"எங்கக்கா என்ன பண்ணா?"

நான் அடுத்த பொத்தானை எடுத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அவள் பக்கம் நியாயம் இருப்பதாகவே பட்டது. அந்த மனுஷனின் குரல் இன்னும் என் காதில் இருந்தது. ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். ஏடு திறந்து மூடும்போதெல்லாம் கடிதத்தின் ஓரம் தெரியும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் பெண்ணே சீருடை பேன்ட்டோடு வந்து நின்றாள்.

"அக்கா, இடுப்பு பிடிக்குது. கொஞ்சம் பிரிச்சு விட்டுடுங்களேன். ஒரு மாசமா வயிறு உப்பின மாதிரியே இருக்கு. கேஸுதான் போல."

கத்திரி நாடாவைப் போட்டாள். முப்பத்திரண்டிலிருந்து முப்பத்துநாலு. நாடாவை எடுக்காமல் அப்படியே நின்றாள். பேன்ட்டைச் சுருட்டி அவளிடமே நீட்டினாள்.

"பிரிக்க மாட்டேன். உங்கப்பா வீட்டுல இருக்காரா?"

அந்தப் பெண்ணோடு என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனாள். சித்தப்பா கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கடிதத்தை அவர் கையில் திணித்தாள்.

"படிங்க. உங்க பொண்ணுக்குக் கேக்குற மாதிரி படிங்க."

இரண்டு வரி வாசித்தார். 'தந்தை வழி உறவில்' என்ற இடத்தை முணுமுணுத்தார்.

"சத்தமா, சித்தப்பா. போன்ல சத்தமாத்தானே சொன்னீங்க."

"உங்களுக்காகத்தாம்மா மறைச்சேன்," என்று அவர் அழுதார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு நின்னீங்க. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்னு..."

"கல்யாணமே வேணாம்னவளுக்காகவா? சரி, அப்ப மறைச்சீங்க. அவ சாகக் கிடந்தப்பவும் எவன் கட்டுவான்னுதான் பயந்தீங்களா? முழுசாப் படிங்க."

படித்தார். கோளாறைப் படித்தார், வயதுகளைப் படித்தார், கையெழுத்தையும் படித்தார். இத்தனை நாள் கத்திரி காத்திருந்த காட்சி அதுதான். கிழவர் குறுகிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கத்திரியின் முகத்தில் அக்கா இறந்த பிறகு முதல் தடவையாக ரத்தம் ஓடியது.

மகள் அருகில் வந்தாள். கடிதத்தை வாங்கித் தானே ஒரு முறை படித்தாள். மேல்மூலையில் விரலை வைத்தாள்.

"இதுல மூணு மாசத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கே, அக்கா."

கத்திரி கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள்.

"அவரு முப்பது வருஷம். நீங்க மூணு மாசம்." அவ்வளவுதான் சொன்னாள். பேன்ட்டையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வயிறு உப்பியது வெறும் வாயுதான். ஆனால் ரத்தச் சோதனையில் கோளாறு இருந்தது. இன்னொரு குழந்தை பெற்றுக்கொண்டு, நாற்பதுக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதாக டாக்டரிடம் பேசி முடித்திருக்கிறாளாம். சித்தி சொல்லித்தான் தெரியும். அவள் அப்பாவோடும் பேசுவதில்லை, கத்திரியோடும் பேசுவதில்லை. சீருடையை வேறு கடையில் தைத்துக்கொள்கிறாள்.

இப்போதெல்லாம் பிரித்துவிடச் சொல்லி எந்தப் பெண் வந்தாலும் கத்திரி முதலில் வயதைக் கேட்கிறாள், அப்புறம் பசியைக் கேட்கிறாள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு போகிறார்.

போன வாரம் கேட்டேன். "அந்தப் பொண்ணுகிட்டப் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா என்னடீ?"

கத்திரி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் அவங்கப்பனை மன்னிக்கப் போறதில்ல. அவ என்னை எதுக்கு மன்னிக்கணும்? எண்பது வயசு வரைக்கும் உயிரோட இருந்து என்னைத் திட்டட்டும்."