ஓடைக்கரைத் தெருவில் எரிந்த அடுப்புகள்

ராஜபாளையத்தில் அருவிக்கும் கோயிலுக்கும் வழி கேட்டு நிறையப் பேர் எழுதுகிறீர்கள். நான் அந்த ஊருக்கு முதலில் போனது பயந்துகொண்டுதான். தொண்ணூறுகளின் தொடக்கம், ஐப்பசி மழை. மதுரையில் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். குடிசைப் பகுதிச் சங்கங்கள் வீடும் கழிவுநீர் வாறுகாலும் தாங்களே கேட்டு வாங்கும்படி அவற்றைப் பலப்படுத்துவது வேலை. சொல்வதற்கு எளிதாகத்தான் இருக்கிறது.

மதுரையிலிருந்து சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர். ஓடைக்கரைத் தெருவில் சங்கத் தலைவி முத்துலட்சுமி வாசலிலேயே நின்றாள்.

"ஓடைப் பொறம்போக்குன்னு எங்க வீடுகள இடிக்க வாராகளாம் சார். இன்னைக்கோ நாளைக்கோ."

அந்த இடத்துக்குப் பட்டா கேட்டுச் சங்கம் மனுக் கொடுத்திருந்தது. பதில் வருமுன் வீடே போய்விடும் போலிருந்தது. அரிசியையும் துணிமணியையும் செட்டியார்பட்டித் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே சிக்கலைச் சமாளித்து வீடு கட்டிய சங்கம் ஒன்று இருந்தது. யோசனை கேட்க இருவரும் டவுன் பஸ் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய் என்று நினைவு.

"போலீஸ் வண்டி ரெண்டு ராஜபாளையம் பக்கம் போகுதே, என்ன விசேசம்?" என்றார் கண்டக்டர், சும்மா பேச்சுக்கு. முத்துலட்சுமி என் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மடவார் வளாகச் சிவன் கோயிலுக்குப் பின்னால் அந்தச் சங்கத்துப் பேச்சியம்மாள் வீடு. எடுத்த எடுப்பில் அவர் கேட்டார்:

"சாமான வெளிய எடுத்துட்டியளா?"

"எடுத்துக்கிட்டு இருக்காகக்கா. ஒடைஞ்சிரும்லா."

"கெடுத்த போ! பானை தெருவுக்கு வந்திட்டா, நீங்களாவே காலி பண்ணதா எழுதிக்கிட்டு இடிச்சிருவாக. எங்க மொத வரிசை அப்படித்தான் போச்சு. அவிய வாரப்ப எல்லா அடுப்பும் எரியணும். ஒல கொதிக்கிற வீட்டத் தொட யோசிப்பாக."

கொடுத்த காபியைக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடைக்கரைத் தெருவுக்கு ஓடி வந்தோம். தெருவெல்லாம் கட்டிலும் பானையும் நனைந்து கிடந்தன. உடையாமல் காப்பாற்ற, சிலர் தங்கள் கூரை ஓடுகளைத் தாங்களே பிரித்து அடுக்கியிருந்தார்கள். ஓடைப் பாலத்தில் போலீஸ் வண்டிகளும் ஒரு ஜீப்பும், பின்னால் மண் அள்ளும் இயந்திரமும் திரும்பின.

"ஏட்டி, எல்லாரும் உள்ள போங்க! அடுப்பப் பத்த வைங்க!" என்று கத்தினாள் முத்துலட்சுமி.

யாரும் அசையவில்லை. முத்துலட்சுமி தன் பானையை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் வீட்டில் புகை எழுந்தது. பிறகுதான் பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில். கூரை பிரித்த வீட்டில் அடுப்புக்கு மேல் முறத்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஊதினாள்.

நகராட்சி அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி, முத்துலட்சுமி வாசலில் குனிந்து பார்த்தார்.

"சமையலா?"

"ஆமா சார். மில்லுக்குப் போனவுக பசியோட வருவாக."

அவர் தெரு நெடுக எழும் புகையைப் பார்த்தார். இயந்திரத்தைத் திருப்பச் சொல்லிவிட்டுப் போனார். அன்று கிடைத்த அவகாசத்தில்தான் சங்கம் அலைந்து திரிந்து பட்டா வாங்கியது.

இந்த வேலையாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மழைக்காலத்தில் ஓடைப் பாதை வழுக்கும், நல்ல செருப்புப் போடுங்கள். நாம் பாடம் எடுப்பதைவிட ஒரு சங்கத்தை இன்னொரு சங்கத்திடம் கூட்டிப் போவது மேல். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நான் சாப்பிடாமல் போய், ஜீப் மறைந்ததும் முத்துலட்சுமியிடம் ஒரு வாய் சோறு கேட்டேன்.

அவள் பானை மூடியைத் திறந்தாள். வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி செட்டியார்பட்டியில் அல்லவா இருந்தது!

"அவரு இதத் தெறந்து பாத்திருந்தா என்ன சார் செஞ்சிருப்பேன்?" என்றாள்.