டி டிரைவில் இருந்த படம்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். ஆட்டோவில் கட்டியிருந்த வாழைக்கன்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு உள்ளே வந்த என் வீட்டுக்காரர். எங்கள் ஒரே மகள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் தம்பி. வேறு யாரும் இல்லை.

விஜயதசமி. முந்தின நாள் பூஜைக்கு வைத்த என் தையல் மெஷினும் மகளுடைய கம்ப்யூட்டரும் பொட்டோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மகள் விஸ்காம் படித்து முடித்திருந்தாள். நாவலூரில் விளம்பரப் படம் எடுக்கும் ஆபீஸில் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். சொந்தமாக எடுத்த படம் ஒன்று கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் வேலை.

படம் இருந்தது. நான் தைப்பதைத்தான் எடுத்திருந்தாள். போனில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பாள். கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். இடம் பத்தவில்லை என்று போனில் இருப்பதை அழித்துவிடுவாள். எனக்கு இன்னும் காட்டவில்லை. பூஜையன்று பென்டிரைவில் எடுத்து வைக்கப் போனாள். அவள் அப்பா விடவில்லை.

"பூஜைல வச்சத தொடாத. சாமி படிச்சிகினு இருக்கும்."

"சரிப்பா. சாமி என் படத்தைப் பாத்து முடிக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கறேன்."

மறுநாள் தம்பி வந்தான். சுண்டல் தின்றுகொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தான்.

"எவன்க்கா இதைப் போட்டுக் குடுத்தான்?"

"மார்க்கெட்டாண்ட கடைக்காரரு."

"விண்டோஸும் திருட்டு, எடிட்டிங் சாஃப்ட்வேரும் திருட்டு. நெட் போடாதீங்கன்னு சொல்லியிருப்பானே?"

அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"வெள்ளிக்கிழமை அந்த ஆபீஸ்ல எதுல எடிட் பண்ணேன்னு கேட்டா இன்னான்னு சொல்லுவ? அசிங்கம். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தரேன். ஃப்ரீ. எடிட்டிங்கும் ஃப்ரீயாவே கிடைக்கும். நல்ல நாளு, இன்னிக்கே ஆரம்பி."

"என் படம் உள்ள இருக்கு மாமா."

"எதுல?"

"டி டிரைவ்ல."

"அப்புறம் என்ன? அழிக்கறது சி-யை. டி-க்கு ஒண்ணும் ஆவாது."

இது எல்லோரும் சொல்வதுதான். கடைக்காரரும் சொன்னார். காலேஜிலும் சொல்வார்களாம். சி போகும், டி நிற்கும். மகளும் தலையாட்டினாள்.

"எதுக்கும் பென்டிரைவ்ல ஒரு காப்பி போட்டுடறேன்."

"அதுலதான் லினக்ஸ ஏத்தி வச்சிருக்கேன்."

தன் போன் நெட்டில் இறக்கி எங்கள் பென்டிரைவில் ஏற்றியிருந்தான். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

"பெரிய கம்பெனி ஆளு. வுடு, போடட்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

திரை ஏதோ கேள்வி கேட்டது. தம்பி படிக்கவில்லை. தட்டினான். அது ஓடிக்கொண்டிருந்தபோது, அவன் வாங்கப் போகும் பிளாட்டின் லிப்டைப் பற்றிச் சொன்னான். வடை கேட்டான். கொடுத்தேன்.

முடிந்தது. புதுத் திரை வந்தது.

"பாத்தியா, எவ்ளோ சுத்தமா இருக்கு."

"மாமா, டி எங்க?"

"இதுல சி, டி-ன்னுலாம் இருக்காது. வேற பேர்ல இருக்கும்."

தேடினான். மறுபடி தேடினான். கையில் வடை அப்படியே இருந்தது.

"சி, டி ரெண்டும் சேத்து மொத்த டிஸ்க்கும் போயிடுச்சு போல."

தானாகப் போனதுபோல் சொன்னான். மகள் அழவில்லை. திரையில் இருந்த பொட்டைத் துடைத்தாள்.

கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனோம். "மேல வேற ஏத்திட்டாங்களே, இனிமே எடுக்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

மகள் ஏதோ சந்தேகம் கேட்பதற்காக, எடிட் செய்த பைலை மட்டும் முன்பு ஒரு சிநேகிதிக்கு மெயில் அனுப்பியிருந்தாள். அது கிடைத்தது. வியாழக்கிழமை தம்பி ஆபீஸில் கொடுத்த மேக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். அதே எடிட்டிங் சாஃப்ட்வேரை அதில் போட்டான்.

"இது மேக்கு. வந்துடும் பாரு."

திறந்தது. படத்தைத் துண்டு துண்டாக ஒட்டிய வரிசை அப்படியே இருந்தது. எல்லாத் துண்டும் சிவப்பு. ஒன்றிலும் படம் இல்லை. படமெல்லாம் அழிந்துபோன டி-யில் இருந்தது. வெட்டும் அளவெல்லாம் சரியாக இருந்தது, துணி இல்லை.

"இன்னா மச்சான், விண்டோஸு, லினக்ஸு, மேக்குன்னு மூணு மாத்தியாச்சு. நாலாவது எது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"படத்தைக் கதையா சொல்லு, புரிஞ்சுப்பாங்க" என்றான் தம்பி.

வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னாள். படம் எடுத்துக்கொண்டு வா என்றார்கள். அந்த இடத்துக்கு அடுத்த வாரமே ஆள் எடுத்துவிட்டார்கள். இப்போது குரோம்பேட்டையில் துணிக்கடை பில் கவுண்டரில் உட்காருகிறாள். போனில் படம் எடுப்பதில்லை.

அடுத்த பூஜைக்கும் தம்பி வந்தான். "பேக்கப் எடுக்கணும்க்கா, அவளுக்கு அது ஒரு பாடம்" என்றான். சுண்டல் வைத்தேன். தின்றான்.

அந்த வியாழக்கிழமை மேக் திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. என்ன போட்டிருக்கிறது என்று மகளைக் கேட்டேன்.

"காணாமப் போன ஃபைல் எத்தனைன்னு போட்டிருக்கும்மா."

"எத்தனை?"

எண்பத்தாறு.