குழியில் நான் புதைத்த பித்தளை மூடி

உத்திரமேரூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வேலை குறைந்த ஒரு மாதம், ஏரிக்கரை மேட்டில் நடந்த அகழாய்வுக்குக் கூலிக்குப் போனேன். மண் சலித்தபோது எலும்பில் செய்த ஊசி ஒன்று கிடைத்தது. நூல் ஓடி ஓடி அதன் காது தேய்ந்திருந்தது.

மேற்பார்வையாளர் அதை வாங்கி, தானே கண்டெடுத்ததாகப் படம் எடுத்துக்கொண்டார்.

“நான் எடுத்தது சார் அது,” என்றேன்.

“மண்ணு அள்ள வந்தவ நீ. அந்த வேலையப் பாரு,” என்றார், எல்லோர் முன்னாலும்.

தைக்கும்போது விரலில் மாட்டும் என் பித்தளை மூடியை உப்புத் தண்ணீரில் களிம்பேற ஊறவைத்தேன். உள்ளே மண்ணை அடைத்து, ஊசி கிடைத்த அதே குழியில், மேற்பார்வையாளர் தோண்டும் மூலையில் புதைத்தேன்.

பேராசிரியர் பார்வையிட வந்த அன்று அது மேற்பார்வையாளர் கையில் சிக்கியது. “ஐந்நூறு வருஷப் பழசு சார்!” என்று கூவினார். பேராசிரியர் மண்ணைத் தட்டினார். உள்ளே ‘மேட் இன் இந்தியா’ என்று முத்திரை.

“இன்னாக்கா, உன் கடையில கீறது மாரியே கீது?” என்று கூட வேலை செய்த செல்வி கிசுகிசுத்தாள்.

“சும்மா இருடி.”

மேற்பார்வையாளர் முகம் வெளுத்ததைக் கண்குளிரப் பார்த்தேன்.

“இந்தக் குழியில கிடைச்ச எதையும் இனி நம்ப முடியாது. அந்த ஊசியையும் ஒதுக்கிடுங்க,” என்றார் பேராசிரியர்.

ஊசி உண்மையானது என்று சொன்னால், மூடியைப் புதைத்ததையும் சொல்ல வேண்டும். சல்லடையை எடுத்து மறுபடி மண் சலிக்கத் தொடங்கினேன்.

மறுநாளே மேற்பார்வையாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை. என்றோ இந்த ஊரில் உட்கார்ந்து துணி தைத்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் இருந்ததற்கான ஒரே சாட்சியை நானே பொய்யாக்கிவிட்டேன். அதுதான் உறுத்துகிறது.